பின்பக்க போல்ட்டு

மனைவியை வா என்று கூப்பிடக் கூடாது, அவளாகவே ஓடி வர வேண்டும் என்று மெக்கானிக் காலையிலேயே முடிவெடுத்துவிட்டார். பேரனைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போனவள் போனவள்தான். "நீங்களும் வாங்களேன்" என்று தினமும் போனில் அழைத்தாள். மாப்பிள்ளையோடு ஒரு வாய்ச்சண்டை, அதனால் ரோஷம். "வேன்ல எஞ்சினே இல்ல, எதுல வர்றது?" என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் தன்னைத் தாங்கும் மவுண்ட்டில் உட்காராமல் இருந்தது. வீடு மவுனத்தில் உட்கார்ந்திருந்தது. டிவியில் செய்தி வாசிப்பவருக்கு "சரி, அப்புறம்?" என்று பதில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அவள் இல்லாமல் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஷெட்டில் செயினில் தொங்கிய எஞ்சினை வேனுக்குள் இறக்கினார். முன்பக்க போல்ட்டு இரண்டையும் வேண்டுமென்றே இறுக்கி முறுக்கினார். பின்பக்க போல்ட்டுக்கான ஓட்டை ஒரு விரல் விலகி நின்றது. அதுதானே வேண்டும்! குரலைச் சோகமாக்கிக்கொண்டு போன் போட்டார்.

"எஞ்சின் உட்கார மாட்டேங்குது. பின்னாடி ஓட்டைக்கு ஓட்டை நேரா வரல. நீ வந்து ஒரு கை நெம்பினாத்தான் ஆகும்."

"முன்னாடி ரெண்டையும் முறுக்கிட்டீங்களா?"

"இல்ல... லேசா."

"லூசா விடுங்க."

"யாரை லூசுங்கற?"

"போல்ட்டைச் சொன்னேன். மூணையும் லூசா மாட்டி, எஞ்சினை ஒரு ஆட்டு ஆட்டி, அது தானா உட்கார்ந்தப்புறம் முறுக்கணும்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தது யாரு? டார்ச் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நின்னவ நான்."

"அது பெட்ரோல் எஞ்சினுக்கு."

"இது?"

இதுவும் பெட்ரோல்தான்.

"போனைப் பக்கத்துல வைங்க. ஸ்பானர் சத்தம் எனக்குக் கேக்கணும்."

அவர் ஸ்பானரால் தரையைத் தட்டினார்.

"தரையைத் தட்டாதீங்க. போல்ட்டைக் கழட்டுங்க."

கழட்டினார். மெதுவாகவே கழட்டினார். அவள் குரல் ஷெட்டில் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. எஞ்சினை லேசாக ஆட்டியதும் பின்பக்க போல்ட்டு, கொஞ்சமும் நன்றியில்லாமல், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"உட்கார்ந்துடுச்சா?"

"ம்."

"அப்ப வண்டி இல்லைங்கற சாக்கும் போச்சு. மிச்சத்தை மாட்டிட்டுக் கிளம்பி வாங்க. மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்."

ரோஷமாவது மண்ணாங்கட்டியாவது! "உடனே வர்றேன். வந்து உன்னைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

"அதுக்கில்லைங்க. அலமாரியில இருக்கிற என் துணி மொத்தத்தையும் வேன்ல ஏத்திட்டு வாங்க. பேரன் நடக்கற வரைக்கும் நான் இங்கதான்."