ஏழு கார்களுக்குத் தகுதிச் சான்றிதழ்

உயிர் உள்ளவரை ஒரு காரையும் கொட்டகையை விட்டு அனுப்புவதில்லை என்று ஆய்வாளர் முடிவெடுத்தார். காலையில் கண் விழித்ததும், வீட்டுக்காரியைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்த முடிவு. அதனால் அதில் கலப்படம் கிடையாது.

முப்பத்தொரு வருடம் வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் கொடுத்த மனிதர். பானெட்டில் அவர் காதை வைத்தால் போதும், இன்ஜின் செய்த குற்றங்களையெல்லாம் தானே ஒப்புக்கொண்டுவிடும். ஊரார் வண்டிகளில் ‘ஓட லாயக்கில்லை’ என்று முத்திரை குத்தியவர், ஓய்வு பெற்றதும் அதே லாயக்கற்ற ஜன்மங்களைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். இப்போது கொட்டகையில் ஏழு பேர். எல்லாம் தாத்தா காலத்து வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் உறவுமுறை வைத்திருந்தார். இருமிக்கொண்டே இருப்பது மாமனார். அகலமாக உட்கார்ந்து வழி மறிப்பது மாமியார். வந்த நாளாக இடத்தைவிட்டு அசையாதது மச்சினன். தன் பிறந்த வீட்டார் மட்டுமே அங்கே துருப்பிடிப்பதை வீட்டுக்காரி கவனிக்காமல் இல்லை.

அவள் தையல்காரி. அவளிடம் ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். கூடத்தில் இரண்டு மிஷின், படுக்கையறையில் இரண்டு, அடுப்படியில் ஒன்று. துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். போன வாரம் ஆய்வாளர் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்த துண்டு, ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கை.

அன்று சாயங்காலம் அவள் பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, அந்தக் கொட்டகைய எனக்கு விடுங்களேன். மிஷினையெல்லாம் அங்க போட்டுக்கறேன்.”

“அது கொட்டகை இல்லடி. சேகரிப்பு.”

“சேகரிப்புன்னா துடைச்சு வெக்கணும், ஓட்டணும், நாலு பேரு பாக்கணும். இது அடைசல். மச்சினன் கதவத் திறந்தா உள்ள மாமனாரோட சைலன்சர். மாமனார் டிக்கியத் திறந்தா உள்ள இன்னொரு காரே இருக்கு, துண்டு துண்டா.”

“அது உதிரி பாகம்!”

“உதிரி எது, காரு எதுன்னு உங்களுக்காவது தெரியுமா?”

முப்பத்தொரு வருட அனுபவத்தில் சூடு வைத்தது போலிருந்தது அவருக்கு.

“ஏழும் ஓடும்! நாளைக்கே காட்டறேன். தானா வாசலத் தாண்டற வண்டி சேகரிப்பு. தாண்டாதது பழைய இரும்புக்கு. ஒண்ணு நின்னாலும் கொட்டகை உனக்கு. போதுமா?”

“எனக்கென்ன தெரியும்? உங்க ஆபீஸ்ல இதெல்லாம் எப்படிங்க செய்வீங்க?”

இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. ஆய்வாளர் எழுந்து நின்றே பதில் சொன்னார்.

“எல்லா வண்டியும் வெளிய வரிசையா நிக்கணும். கடைசி வண்டி கையெழுத்தாகற வரைக்கும் ஒண்ணுகூட உள்ள திரும்பக்கூடாது. இல்லேன்னா ஓடற வண்டியையே பேரு மாத்தி ரெண்டு தடவ காட்டுவானுங்க.”

“ஐயோ, அப்படியும் ஏமாத்துவாங்களா! அப்ப உங்க முறைப்படியே நடக்கட்டும்.”

எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரரை நடுவராகப் போட்டார்கள். “ரோட்டுல ஏழு நிறுத்தினா பஸ்ஸு போகாது சார். பட்டறை பக்கத்துல ஷீட் போட்ட இடம் சும்மாத்தான் கெடக்கு, அங்க நிறுத்திக்குங்க” என்றார் அந்த நல்ல மனிதர்.

மறுநாள் காலை திருவிழாக் கூட்டம். ஒரு ரகசியம்: ஏழு காருக்கும் சேர்த்து உயிருள்ள பேட்டரி ஒன்றுதான். மாமியாரைக் கிளப்பி எதிரே கொண்டு போய் நிறுத்துவார், பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு திரும்புவார், மாமனாருக்குப் பொருத்துவார். ஒரே இதயம், ஏழு உடம்பு. சாக்கு மூட்டை ஆறு தடவை சாலையைத் தாண்டியதை வீட்டுக்காரி ஏனோ ஒன்றும் கேட்கவில்லை. முட்டாள் பெண் என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மாமனார் இருமிய இருமலில் தெருவிலிருந்த புறாக்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோயின. ஆனால் ஓடினார்! மாமியார் உறுமினார். எண்பது வயது ஹாரன்கள் ஊதின. பல்லில்லாத கிழவர் ஒருவர், “எங்கப்பா இதே மாதிரி வண்டியிலதான் பொண்ணு பாக்கப் போனாரு!” என்று கண் கலங்கினார். ஆய்வாளருக்கு நெஞ்சு விரிந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பட்டறைக் கூரையில் விழுந்தது.

மிச்சம் மச்சினன். எட்டு வருடமாக அசையாதவன். ஆய்வாளர் கார்புரேட்டரைத் தட்டினார், கெஞ்சினார், காதில் ஏதோ சொன்னார். மச்சினன் ஒரு புகை விட்டான். பிறகு கிளம்பியே விட்டான்!

வீட்டுக்காரியே கை தட்டினாள். “ஊரே பாக்குதுங்க. இதுல மட்டும் தண்ணி டேங்க் வரைக்கும் ஒரு பெரிய சுத்து போயிட்டு வாங்க.”

போனார். வழியெல்லாம் கையை ஆட்டிக்கொண்டே போனார். மச்சினன் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியதில் முக்கால் மணி நேரமாயிற்று. திரும்பி வந்து ஏழாவதாக நிறுத்தினார். பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டார்: ஏழும் தகுதி.

வெற்றி வீரர் கொட்டகைக் கதவை விரியத் திறக்கப் போனார். உள்ளே டகடகவென்று சத்தம். அவருடைய எந்தக் காரும் அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. ஐந்து மிஷின்கள், ஐந்து பெண்கள், நடுவில் வெட்டு மேசை.

“என்னடி இது? ஜெயிச்சது நான்!”

“யாரு இல்லேன்னா? அடைசல்னு சொன்ன வாய அலம்பிக்கறேன். அசல் சேகரிப்புங்க. அத நாலு பேரு பாக்கற எடத்துல நீங்களே கொண்டு போய் வெச்சுட்டீங்க. நாங்க தள்ளியிருந்தா ஏழு ஜென்மம் ஆயிருக்கும்.”

“இப்பவே திருப்பிக் கொண்டாறேன்!”

“கொண்டாங்க. அந்தப் பெரியவரு உங்க மாமியாரோட படம் எடுத்துக்கிட்டிருக்காரு, அவருகிட்ட சொல்லிட்டு எடுங்க.”

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் மட்டுமல்ல, பின்னால் ஒரு வரிசையே நின்றது. “சார், இங்கயே இருக்கட்டும். பட்டறைக்கே ஒரு கௌரவம்” என்றார் பட்டறைக்காரர். ஏழும் பகல் வெளிச்சத்தில் பளபளத்தன. கொட்டகை இருட்டில் மாமியாருக்கு இவ்வளவு அழகான நெற்றி இருப்பதே தெரிந்ததில்லை. அவருக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகமாக வந்தது; அதை மறைக்கக் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“பட்டறை இரும்புத் தூளு எல்லாம் பெயிண்ட்ல படியுமே! அதுக்கு என்ன பதில்?”

அவள் கண்ணைக் காட்டினாள். பெண்கள் ஏழு உறைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தடித்த துணி, இரட்டைத் தையல், கண்ணாடிகளுக்குத் தனித்தனிக் காது. மாமியாரின் இடுப்பில்கூட ஒரு சுருக்கம் விழவில்லை.

ஆய்வாளர் ஒரு தையலைத் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“ஏழு உறை… ஒரு மாச வேலையாச்சே. நாம போட்டி போட்டது நேத்துதானே?”

“உங்களுக்கு நேத்துதாங்க.”