ஏழு மூட்டை மகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். ஆவல் இருந்தது, போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதையை மனதில் வைத்துக்கொண்டுதான் திட்டப் போகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் ஷாம்பு கம்பெனி 'கடலைக் காப்போம்' என்று புதுப் பாக்கெட் போடுகிறதாம், அதில் அச்சடிக்க நான் படகில் நின்று சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். நல்லா இருக்கே நியாயம்! மகள் முகத்தைப் பாக்கெட்டில் போட்டது போதாதென்று இப்போது மாமனாரும் வேண்டுமா? குடும்பத்தோடு கடலில் மிதக்கச் சொல்கிறீர்களா?

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த முதல் பாக்கெட் வந்தது, விரல் நீளம், ஒரு தலைக்கு ஒரு தடவை, அதில் என் மகள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள், நாங்கள் பட்ட பெருமை கொஞ்சமா நஞ்சமா, உங்கள் மாமியார் அதைச் சுவரில் ஒட்டி வைத்து கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட உட்காரவைத்துக் காட்டினாள், நானும் படகில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒன்றை ஒட்டிக்கொண்டேன். நாலாவது மாதம் வலையை இழுத்தால் உள்ளே என் மகள். ஒன்றல்ல, முப்பது பேர். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வலையில் மீனைத் தவிர எது வந்தாலும், பையோ பாட்டிலோ ஒற்றைச் செருப்போ, பொறுக்கித் திரும்பவும் கடலிலேயே வீசிவிடுவோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரைக்குக் கொண்டுவந்தால் துறைமுகத்தில் அதைப் போட ஒரு தொட்டி கிடையாது, "உங்க குப்பையை நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்பார் கேட் காவல்காரர். ஆக நேற்று வீசினதை இன்றைக்கு இழுப்போம், இன்றைக்கு இழுத்ததை நாளைக்கு இழுக்க வசதியாக வீசுவோம். ஆனால் மகள் முகம் போட்ட பாக்கெட்டை வீச என் மச்சானுக்கு, அதுதான் உங்கள் மாமியாரின் தம்பிக்கு, கை வரவில்லை.

"என்ன மச்சான் பேசுறீங்க? நான் தூக்கி வளர்த்த பொண்ணு. அவளைப் போய்த் தண்ணியில தூக்கிப் போடச் சொல்றீங்களே!" என்றான்.

கீழே போட்டு மிதிக்கவும் மனசில்லை. அன்றிலிருந்து மற்ற கம்பெனிப் பாக்கெட்டெல்லாம் கடலுக்கு, மகள் மட்டும் சாக்குக்கு. முதல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது காவல்காரர் "மூட்டையில என்னங்க?" என்று கேட்டார், நானும் களைப்பில் யோசிக்காமல் "என் பொண்ணு" என்று சொல்லித் தொலைத்தேன், அந்த மனுஷன் முகம் வெளுத்துப்போய் போலீசைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து மூட்டையைத் தரையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "இது எல்லாமே உங்க பொண்ணாய்யா?" என்று கேட்டு, என் மானம் காற்றில் பறந்தது. இப்போது ஏழு மூட்டை சேர்ந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் மூன்று, அடுப்படியில் இரண்டு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு. கதவு முழுசாகத் திறக்காது, ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். பத்து வருடமாக எங்களிடமே மீன் வாங்குகிற கணக்கு டீச்சர் ஒருநாள் வாங்கின மீனைத் திருப்பிக் கொண்டுவந்தார். "வயித்தைக் கீறினா உள்ள உங்க பொண்ணு சிரிக்கிறா. கூடவே பொடிப்பொடியா கலர் கலரா என்னென்னமோ கிடக்கு. இதை என் பிள்ளைங்களுக்கு எப்படிங்க சமைச்சுப் போடறது?" என்று கேட்டார். பாக்கெட்டாவது கண்ணுக்குத் தெரிகிறது, எடுத்துவிடலாம். வெயிலிலும் உப்பிலும் நைந்து தூளாகிப் போனதை எதைப் போட்டு அரிப்பது? எந்த வலையில் நிற்கும்? அதை மீன் தின்கிறது, மீனை நாம் தின்கிறோம். உங்கள் மாமியார் மீனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். மீன்காரன் பெண்டாட்டி! வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை பதினொரு மணி. துறைமுக வாயில், பெரிய கப்பல்கள் வருகிற தடம். படகுக்கு அடியில் சுற்றுகிற புரொப்பெல்லரில் என்னவோ சிக்கி எஞ்சின் நின்றுவிட்டது. எதிரே ஒரு கப்பல், மாடி மாடியாகப் பெட்டி அடுக்கிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. மச்சான் கத்தியோடு குதித்தான். முதல் தடவை மேலே வந்து மூச்சு வாங்கினான். இரண்டாவது தடவையும் வந்தான். மூன்றாவது தடவை வரவில்லை. சிக்கிக் கிடந்த நைலான் வலை அவன் காலையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறது. நான் குதித்து அறுத்துத்தான் இழுத்துப் போட்டேன். கப்பல் எங்களை ஒட்டினாற்போல் போனது. உதடு நீலம் பாரித்துக் கிடந்த மச்சானின் கைவிரலைப் பிரித்தால், உள்ளே புரொப்பெல்லரிலிருந்து பிடுங்கின கசங்கிய பாக்கெட்டில் என் மகள் சிரிக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டியரிங்குக்கு மேலே இருந்தவளையும் கிழித்து எறிந்தேன். மச்சான் இன்னும் இருமிக்கொண்டு கிடக்கிறான், கடல் பக்கமே இனி வர மாட்டானாம்.

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கடல் எவ்வளவு பெரிசு மாமா! நம்ம பாக்கெட் விரலளவுதானே!" என்றீர்கள். கடல் பெரிசுதான் மாப்பிள்ளை. என் புரொப்பெல்லர் சின்னது. மச்சான் கால் அதைவிடச் சின்னது. பாக்கெட்டை நிறுத்துங்கள் என்றால், அடுத்த வருடம் பார்க்கலாம், மெஷினை மாற்ற வேண்டும் என்றெல்லாம் இழுக்கிறீர்களே, அடுத்த வருடத்துக்குள் இன்னும் எத்தனை லாரி பாக்கெட் கடலில் இறங்கும்? ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்துகொண்டு இந்த யோசனையெல்லாம் எப்படித்தான் உதிக்கிறதோ! என் மகள் வாயில்லாப் பூச்சி, போட்டோவுக்கு நில்லு என்றால் நின்றிருப்பாள்.

முடிவாகச் சொல்கிறேன். போட்டோ கிடையாது. அந்தப் பாக்கெட் நிற்கிற வரைக்கும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். ஏழு மூட்டையும் லாரியில் உங்கள் ஆபீசுக்கு வரும்.

மகளுக்கு என் ஆசிகள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு உண்டான ஆசி, பாக்கெட் நின்ற செய்தி வந்ததும் தனித் தபாலில் வரும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, போன்ல அவரை எதுக்குத் திட்டுனீங்க? ஷாம்பைப் பாட்டில்லதான் விக்கணும்னு அவர் என்கூட ஒரு மாசம் சண்டை போட்டாரு. சின்னப் பாக்கெட் என் யோசனை. என் போட்டோவைப் போடச் சொன்னதும் நான்தான். உங்க போட்டோவைக் கேட்டதும் நான்தான். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவர் உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிறாரு" என்றாள்.

"உனக்கு ஏம்மா இப்படிப் புத்தி போச்சு?" என்று கேட்டேன்.

"பாட்டில் வாங்க முடியாத வீட்டுல வளர்ந்தவப்பா நான். ஞாயித்துக்கிழமை நீங்க ஒரே ஒரு பாக்கெட் வாங்கிட்டு வருவீங்க. அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. எல்லா வீட்டுப் பொண்ணுக்கும் அது கிடைக்கட்டும்னுதான் ஆரம்பிச்சேன். காலிப் பாக்கெட்டை என் கையில இருந்து வாங்கி நீங்கதான் பின்கதவு வழியா வீசுவீங்க. பின்கதவுக்கு அந்தப் பக்கம் என்னப்பா இருந்துச்சு?"

போனை வைத்துவிட்டுப் போய்ப் பின்கதவைத் திறந்தேன், எதிரே கடல்.

ஆகவே மாப்பிள்ளை, மன்னிக்கவும். மேலே எழுதின எதுவும் உங்களுக்கு இல்லை. பாக்கெட் நிற்க வேண்டும், அதில் மட்டும் மாற்றமில்லை. 'மாப்பிள்ளை' என்று வருகிற இடத்திலெல்லாம் 'மகள்' என்று போட்டு, அவளை எதிரே உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடாமல் எனக்கே திருப்பி அனுப்புங்கள். அந்த இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டு நானும் ஒரு தடவை வாசிக்க வேண்டும்.