டிஎன்ஏவில் விழுந்த திருநீறு

இருபத்து நான்காவது வயதில் மூன்று வாரங்கள் நான் விஞ்ஞானியாக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் வெறும் ஆராய்ச்சி மாணவன்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடம். மக்னீசியம், தாமிரம் போன்ற உலோக அயனிகள் சேர்ந்தால் டிஎன்ஏவின் அமைப்பு எப்படி மாறுகிறது என்று அகச்சிவப்புக் கதிரை வைத்துப் பார்ப்பது என் வேலை. காய்ந்த டிஎன்ஏவைப் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்போடு சின்னக் கல்லுரலில் அரைத்து, வில்லையாக அழுத்திக் கருவியில் வைத்தால், பேனா ஒன்று தாளில் பள்ளம் பள்ளமாகக் கோடு இழுக்கும். உலோகம் எங்கே ஒட்டியது என்பதை அந்தப் பள்ளங்கள் காட்டிக்கொடுக்கும். அரைக்கும்போது மின்விசிறி போடக்கூடாது, பொடி பறந்துவிடும்.

ஆறு மாதத்தில் உருப்படியாக ஒரு முடிவைக் காட்டினால் பிஎச்.டி.க்குப் பதிவு. இல்லையென்றால் வாடிப்பட்டியில் அப்பாவின் உரக்கடை. (மூட்டை தூக்குவதில் எனக்கு அவ்வளவாக நாட்டமில்லை.)

ஆகவே முருகனையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டேன். வெறும் டிஎன்ஏவை அரைக்கும் நாளில் பழங்காநத்தம் அறையிலிருந்து நேராக வந்துவிடுவேன். உலோகம் சேர்த்ததை அரைப்பது முக்கியமான நாள். காலையிலேயே திருப்பரங்குன்றம் போய்க் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருவேன்.

பலன் உடனே கிடைத்தது. உலோகம் சேர்த்த மாதிரிகளில் எல்லாம், டிஎன்ஏவில் உள்ள பாஸ்பேட்டின் பள்ளம் வரவேண்டிய இடத்தில் பேனா ஒரு கிணறே வெட்டியது. வெறும் டிஎன்ஏவில் சின்னப் பள்ளம்தான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு கட்டுரை எழுதிப் பதிவுக் குழுவின் முன் பேசச் சொன்னார். நான் அன்றே ஊருக்குக் கடிதம் போட்டேன், கடையைத் தங்கச்சி மாப்பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள் என்று. அப்பாவும் கொடுத்துவிட்டார்.

குழு கூடுவதற்கு முந்தின நாள். கடைசி மாதிரியை அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை சாந்தி, எனக்கு ஒரு வருடம் இளையவள், வெகுநேரமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். (நான் வேறு என்னவோ நினைத்துக்கொண்டேன்.)

"அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. வேர்வையில உங்க திருநீறு உதிர்ந்து உரலுக்குள்ளதான் விழுகுது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவளைப் பொய்யாக்குவதற்காகவே முகம் கழுவிவிட்டு, உரலையும் கழுவிக் காயவைத்து, மறுபடி அரைத்தேன். கிணறு தூர்ந்துபோயிருந்தது. பிறகு டிஎன்ஏவும் இல்லாமல் உலோகமும் இல்லாமல் திருநீற்றை மட்டும் உப்போடு அரைத்து வைத்தேன். அதே இடத்தில் அதே கிணறு. சாம்பலில் இருக்கும் சிலிக்கா, அந்தத் தாளில் பாஸ்பேட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

திருநீற்றுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் பேசிவிடலாமா என்று யோசித்தேன், பொய் சொல்வானேன். கடையும் கைவிட்டுப் போயிருந்தது. கடைசியில் பழைய தாள், திருநீற்றுத் தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, கட்டுரையில முருகன் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கணும்ல," என்றார். சிரிக்கவில்லை.

என் பேச்சை அவரே தள்ளிவைத்தார். நானாக வந்து சொன்னதற்காக இன்னும் ஆறு மாதம் தந்தார். எல்லாவற்றையும் வெறும் நெற்றியோடு மறுபடி அரைத்தேன். உலோகங்கள் உண்மையில் செய்திருந்த மாற்றம் நூலளவுதான்; ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் அது அங்கேயே இருந்தது. பட்டமும் வந்தது. கடை மாப்பிள்ளையிடமே இருக்கிறது, என்னைவிட வசதியாகத்தான் இருக்கிறார்.

இதை வீட்டில் சொன்னது நான் செய்த இரண்டாவது தவறு. இன்றைக்கும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தால் போதும், என் மனைவி குழம்புச் சட்டியைச் சட்டென்று மூடிவிடுவாள்.

"அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. ஆராய்ச்சி விழுந்துறப் போகுது."