நான்கு அங்குல வைராக்கியம்

என் மனைவி மரகதம் ஏற முடியாத உயரத்துக்கு என் பிக்கப் வண்டியை உயர்த்திவிடுவது என்று, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்கழி விடியற்காலை ஒன்றில், நீராடி நீறணிந்து, பூஜை அறையில் நின்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

அடியேனைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். அந்தச் சங்கற்பத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. முற்பாதி முழுவதும் முருகனுக்கு உரியது. பிற்பாதிதான் மரகதத்துக்கு.

முற்பாதியை முதலில் சொல்கிறேன். ஃபிரிஸ்கோவைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஊருக்கு வடக்கே பத்து ஏக்கர் நிலம் வாங்கியிருந்தோம். முருகனுக்குக் குன்று வேண்டும். டெக்சாஸில் எங்கள் பகுதியோ துடைத்துவைத்த தோசைக்கல். தெய்வாதீனமாக, நிலத்தின் பழைய உரிமையாளர் மாடுகளுக்குக் குளம் வெட்டியபோது எடுத்த மண்ணையும் பாறையையும் ஓர் ஓரத்தில் குவித்து வைத்திருந்தார். முப்பதடி உயரம். கண்டதும் எங்களுக்குக் கண் கலங்கியது. அதற்குக் குன்று என்றே பெயரிட்டு, உச்சியில் ஒரு தகரக் கொட்டகையும் எழுப்பினோம். கல்லில் சமைந்து கப்பலேறி வந்த முருகன், பல் மருத்துவர் மாரிசாமியின் கராஜில், நெல் கிடைக்காத குறைக்குப் பாசுமதி அரிசியில் சயனித்திருந்தார். தைப்பூசத்தன்று அவர் குன்றேற வேண்டும்.

எதன்மேல் ஏறுவார்? கமிட்டித் தலைவரான மாரிசாமி, பழுதான கார்களை ஏற்றிச் செல்லும் டிரக் ஒன்றை வாடகைக்கு அமர்த்தலாம் என்றார். நேற்று நசுங்கிய கார் ஏறிய பலகையில் இன்று என் அப்பன் ஏறுவதா? கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"என் பிக்கப்தான் மயில்!" என்றேன்.

"மயில் நல்லாத்தான் இருக்கு, பாலு சார்," என்றார் மாரிசாமி. "ஆனா பின்பக்கம் உக்காந்துடுச்சே?"

உண்மைதான். பதினொரு வயதான வண்டி அது. நான்கு சக்கரங்களும் இழுக்கும். காட்டுக்கும் மேட்டுக்கும் அஞ்சாது. ஆனால் பின் அச்சின் மேல் வில்லாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்று பாரம் தாங்கும் கமான் பட்டைகள் தம் வளைவை இழந்திருந்தன. இடப்புறத்தில் ஒரு பட்டை முறிந்தும் போயிருந்தது. இரண்டு மூட்டை அரிசி ஏற்றினால் வண்டி பின்புறமாக நமஸ்கரிக்கும். ஆயிரம் பவுண்டு முருகன் ஏறினால் அடிவாரத்திலேயே குடிகொண்டுவிடுவார்.

கமிட்டி கெடு விதித்தது. தை மாதத்து முதல் ஞாயிறன்று வந்து பார்ப்பார்கள். பாரம் தாங்கினால் மயில். தாங்காவிட்டால் வாடகை டிரக்.

இனி, பிற்பாதி. வாரத்தில் ஐந்து நாள் ரிச்சர்ட்சனில் ஒரு தொலைபேசிக் கம்பெனிக்கு உழைக்கிறேன். ஞாயிறு பஜனைக்கு உரியது. எஞ்சிய சனிக்கிழமையில் ஏரிக்கரை மண்சாலையில் தனியாக வண்டியோட்டி, வாய்விட்டுப் பதிகம் பாட வேண்டும் என்பது என் எளிய ஆசை. மரகதத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்த காரோ மகள் தென்றலுடன் ஆஸ்டின் கல்லூரிக்குச் சென்றுவிட்டது. ஆகவே சனிதோறும் நான் சாரதி. இந்தியன் கடை, மற்றொரு இந்தியன் கடை, முதற்கடையில் மறந்த பெருங்காயத்துக்காக மீண்டும் முதற்கடை. பிறகு நான்கு வீடுகளில் நான்கு டப்பாக்களைத் திருப்பித் தருதல்.

மரகதத்தின் உயரம் நான்கடி பதினோரு அங்குலம். இப்போதே கைப்பிடியைப் பற்றி, "முருகா!" என்று எம்பித்தான் வண்டியேறுகிறாள். இன்னும் நான்கு அங்குலம் உயர்ந்துவிட்டால், பக்கத்து வீட்டு ஷ்யாமளாவின் மினிவேனே அவளுக்குக் கதி. ஒரே கைங்கரியத்தில் இறைபணியும் ஏகாந்தமும்!

ஷ்யாமளாவின் கணவன் செல்வராஜுக்கு வண்டி வேலை தெரியும். அவனுடன் கலந்தாலோசித்தேன்.

"அங்கிள், லோடுக்குத்தானே? புதுப் பட்டை, ரெண்டு இஞ்ச் லிஃப்ட், போதும். நாலு எதுக்கு?"

"குன்றுப் பாதையில் பாறை இருக்கிறது, செல்வராஜ். அடிவயிற்றில் தட்டும்."

"நாலுன்னா ஆன்ட்டி எப்படி ஏறுவாங்க?"

நான் வானத்தைப் பார்த்தேன். செல்வராஜும் மணமானவன். ஐந்து விநாடியில் அவனுக்கு விளங்கிவிட்டது.

"அங்கிள்… வேண்டாம் அங்கிள். ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

"ஷ்யாமளாவுக்குத் தெரிஞ்சா?"

"நீ சொல்லாதவரையில் தெரியாது."

"அதான் பயமா இருக்கு," என்றான்.

பொங்கலுக்கு முன்னரே, தருவித்த புதுப் பட்டைகளின் பெட்டி வந்துவிட்டது. நான் அலுவலகத்தில் இருந்தபோது மரகதம் கையெழுத்திட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"ஏனுங்க, என்னமோ பொட்டி வந்திருக்குது. ரெண்டு ஆளு சேந்து எறக்கிப் போட்டுட்டுப் போனாங்க."

"முருகனுக்கு."

"முருகனுக்குங்களா? மேல நாலு இஞ்ச்சுன்னு போட்டிருக்குதே?"

"அது பாறைக்கு."

"பாறைக்குங்களா?"

"ஆமாம்."

"செரிங்க. சாமி காரியம், நல்லாப் பண்ணுங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

இந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவி முப்பது ஆண்டுகளில் நான்கு முறைதான் சொல்லியிருக்கிறாள். நான்கு முறையும் நான் தோற்றிருக்கிறேன். ஆணவம் கண்ணை மறைத்ததால் அந்தக் கணக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இன்னொரு விஷயமும் நினைவுக்கு வரவில்லை. மரகதம் சங்ககிரிப் பெண். அவள் தகப்பனார் ஆறு லாரிகளுக்குச் சொந்தக்காரர். "எம் பொண்ணு தவழ்ந்ததே லாரிக்கு அடியிலதான் மாப்பிள்ளை," என்று அவர் சொல்வதைப் பாசத்தில் விளைந்த மிகைப்பேச்சு என்றே நான் எண்ணியிருந்தேன்.

மார்கழியில் எதையும் தொடங்கலாகாது. தை பிறந்தது. வெள்ளி மாலையில் செல்வராஜும் நானும் வண்டியை டிரைவ்வேயில் ஜாக்கியிட்டுத் தூக்கி, முன்னும் பின்னும் இருந்த பழைய பட்டைகளைக் கழற்றினோம். சனி காலை புதியன பூட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு ராகு காலம். ராகு இந்திய நேரப்படி வருவாரா, டெக்சாஸ் நேரப்படி வருவாரா என்று எங்கள் பஜனை மண்டலி ஓராண்டு விவாதித்து, அவரும் நம்மைப் போல் குடியேறியவரே என்று தீர்மானித்திருந்தது.

ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் பட்டைகள் ஏறிவிட்டன. "போல்ட்டெல்லாம் கையால மாட்டி வெச்சிருங்க அங்கிள், டிபன் சாப்பிட்டு வந்துடறேன்," என்று செல்வராஜ் போனான். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பது. தொடங்கிய காரியத்தை ராகு காலத்தில் முடிப்பதா? ஸ்பேனரை எடுத்து மூச்சைப் பிடித்து முறுக்கத் தொடங்கினேன். மரகதம் காபியுடன் வந்தாள்.

"ஏனுங்க, முழுசா முறுக்கறீங்களா?"

"ராகு காலம் பிறக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது."

"சக்கரம் அந்தரத்துல தொங்குதுங்களே. கீழ எறக்கி, வண்டி தன் பாரத்துல உக்காந்த பொறவுதான கடைசி முறுக்கு?"

"யார் சொன்னது?"

"எங்கப்பன்."

"உங்கப்பா ராகு காலம் பார்ப்பாரா?"

"அவருக்கு லோடு வர்ற நேரந்தானுங்க நல்ல நேரம்."

இத்தகைய நாத்திகத்துக்கு நான் பதில் சொல்வதில்லை. எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் போல்ட் இறுகியது. ராகு காலம் கழிந்ததும் வண்டியைத் தரையில் இறக்கி, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, வண்டியை நகர்த்தினேன்.

வண்டி ஓலமிட்டது. சங்கும் நாகஸ்வரமும் அடித்துக்கொண்டால் எழும் ஓசை. பின்புறம் கட்டெறும்புபோல் தூக்கிக்கொண்டு நின்றது, அமுக்கினாலும் அமரவில்லை. எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. செல்வராஜ் ஓடிவந்து அடியில் எட்டிப் பார்த்தான்.

"மேலயே வெச்சு டைட் பண்ணிட்டீங்களா அங்கிள்? பட்டை நுனியில இருக்கற ரப்பர் புஷ் எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது. திருப்பி லூஸ் பண்ணி, தரையில வெச்சு டைட் பண்ணணும். ஒரு மணி நேர வேலை. நீங்க ஆரம்பிங்க, நான் பையனை கராத்தே கிளாஸ்ல விட்டுட்டு வந்துடறேன்."

நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். பதினோரு மணிக்கு என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். இரண்டே கால் நாள். எதையும் தொடங்கலாகாது. கமிட்டியோ மறுநாள் காலை வருகிறது. இந்த ஓலத்தைக் கேட்டால் மாரிசாமி அப்போதே டிரக்குக்குப் போன் செய்துவிடுவார். படிக்கட்டில் அமர்ந்துவிட்டேன்.

"முருகா, உன் வாகனமாகும் தகுதி எனக்கு இல்லையா?"

"என்னுங்க ஆச்சு?"

"சந்திராஷ்டமம், மரகதம். இரண்டே கால் நாள் நான் ஸ்பேனரைத் தொடக் கூடாது."

மரகதம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"உங்களுக்குத்தானுங்க சந்திராஷ்டமம்? எனக்கு இல்லியே. அந்த ஸ்பேனரை இப்படிக் குடுங்க."

வண்டிக்கு அடியில் புகுந்தாள். நான்கு அங்குலம் உயர்ந்திருந்ததால் ஜாக்கியும் தேவைப்படவில்லை. என் சூழ்ச்சியின் முதற்பயன் அவளுக்கே கிட்டியது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "லைட்டை இந்தப் பக்கங் காட்டுங்க. மேலங்க. அதுக்குள்ள தூக்கமா?" முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து, பின்புறத்தை இரண்டு கையாலும் அமுக்கினாள். வண்டி பணிவாக அமர்ந்து எழுந்தது. ஓசையே இல்லை. அவள் கன்னத்தில் கிரீஸ் இருந்தது. திருமணத்துக்குப் பிறகு அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. சொல்லவும் சொன்னேன்.

"போங்க, போயி இட்லிய எடுத்து வையுங்க," என்றாள்.

ஞாயிறு காலை கமிட்டியார் அறுவர் பின்தட்டில் ஏறி நின்று குதித்தார்கள். பட்டைகள் வளைந்து தாங்கின. மாரிசாமி கைகூப்பினார்.

"மயில்தான் பாலு சார். ஒரே ஒரு விஷயம். குன்றேறி முடியற வரைக்கும் சாமி பக்கத்துல ஒருத்தர் உக்காந்து, பிடிச்சுக்கிட்டு, நிறுத்தாம பதிகம் பாடணும். புஸ்தகம் பாக்காம பாடறவங்க யாரு இருக்காங்க?"

எனக்கு முன் மரகதம் பேசினாள்.

"என்னுங்க தலைவரே இப்படிக் கேட்டுப்போட்டீங்க? எங்கூட்டுக்காரரை விட்டா இந்த டெக்சாஸ்லயே ஆளு யாருங்க? தூக்கத்துல எழுப்பினாக்கூடப் பாடுவாரு. ஒரு எழுத்துப் பெசகாது."

அனைவரும் என்னை நோக்கினர். முப்பதாண்டு இல்லறத்தில் பலர் முன்னிலையில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுவே முதல் முறை. உள்ளம் உருகியது. "என் பாக்கியம்," என்று தலைவணங்கி ஏற்றேன். நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அப்படியானால் வண்டியை யார் ஓட்டுவது?"

மரகதம் கைப்பையைத் திறந்து ஒரு சிறிய அட்டையை எடுத்தாள். டெக்சாஸ் அரசாங்கத்தின் டிரைவர் லைசென்ஸ். புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷ்யாமளாதானுங்க சொல்லிக் குடுத்தா. மூணு மாசமா, நீங்க ஆபீஸ் போன பொறவு. செல்வராஜ் தம்பியோட டிரக்குல."

செல்வராஜ் என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றான்.

"ஆனால் நீ ஏற முடியாதே, மரகதம்! உயரம்…"

"அட, பாறைக்குன்னு ஒசத்தினீங்களே, அதுங்களா? பொட்டிக்குள்ள ஒரு கேட்டலாக் இருந்துச்சு. அன்னிக்கே போன் பண்ணி மடக்குப் படி ஒண்ணு வாங்கிட்டேன். தம்பி மாட்டித் தர்றேன்னிருக்கு."

தைப்பூசத்தன்று, பட்டும் சந்தனமும் பூண்ட முருகன் என் வண்டியில் எழுந்தருளினார். நான் பின்தட்டில், அவர் திருவடியை அணைத்தபடி அமர்ந்தேன். மரகதம் மடக்குப் படியை விரித்து இறக்கி, அரசியைப்போல் ஏறினாள். கியர் விழுந்த ஓசைகூட எனக்குக் கேட்கவில்லை. பாறைகள் வந்தன, பட்டைகள் வளைந்து அவற்றை விழுங்கின. இறைவன் திருமேனி ஒரு நூலளவும் ஆடவில்லை. பாடிக்கொண்டே வந்தவன் பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கீழே சமவெளி முழுதும் வெயிலில் விரிந்து கிடந்தது. புதிய வீடுகள், பாதி எழுந்த கூரைகள், இன்னும் பெயர் வைக்காத தெருக்கள். இந்த ஊரில் நாம் நிலைத்துவிடுவோம், இங்கே நம் பிள்ளைகளும் இந்தக் குன்றேறுவார்கள் என்று அந்த நொடியில் எனக்கு ஐயமின்றித் தெரிந்தது. மயிலை ஓட்டியவள் யாராயிருந்தால் என்ன? மயில் என்னுடையது அல்லவா?

முருகன் கொட்டகையில் இறங்கினார். தீபாராதனை முடிந்து, பஞ்சாமிர்தமும் உண்டாயிற்று. முன்னிருக்கையில் மரகதத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க விரைந்தேன். ஷ்யாமளாவும், மாரிசாமியின் மனைவி சாந்தாமணியும் அங்கே அமர்ந்திருந்தார்கள்.

"நாங்க மூணு பேரும் அப்படியே இந்தியன் கடைக்குப் போயிட்டு வந்துடறோங்க," என்றாள் மரகதம். "நீங்க நிம்மதியா இருங்க."

வண்டி பத்தடி போயிற்று. ஆயிரம் பவுண்டுக்கு வளைந்த பட்டைகள் வெறும் வண்டிக்கு வளைய மறுத்தன. ஒவ்வொரு கல்லிலும் வண்டி ஆட்டுக்குட்டிபோல் துள்ளியது. உள்ளேயிருந்து மூன்று பெண்களும் "முருகா!" என்றார்கள். மரகதம் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியே செல்வராஜை அழைத்தாள்.

"ஏந் தம்பி, இப்படிக் குதிக்குது?"

"பின்னால லோடு இல்ல ஆன்ட்டி. கொஞ்சம் வெயிட் இருந்தா அமைதியா போகும்."

மரகதத்தின் பார்வை குன்றைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. நான் பின்தட்டில் ஏறி அமர்ந்தேன்.

"ஏனுங்க, ஓரத்துல வேண்டாம், வண்டி சாயுது," என்றாள். "நேரா அச்சுக்கு மேல உக்காருங்க."