பாத்திக்குள் பாத்தி

காலை ஆறு பதினெட்டுக்கு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட மொத்த வேளாண்மையையும் நடுங்க வைத்த ஓர் அலறல் எழுந்தது.

"போச்சு! கத்தரி போச்சு!"

பகவதியம்மாள் பாம்பு என்று நினைத்து, கையில் கிடைத்த தேங்காய்த் துருவியோடு ஓடி வந்தாள். பாம்பு இல்லை. கணவர் ஈஸ்வரமூர்த்தி தமது மேட்டுப்பாத்தியின் முன் நின்று, மஞ்சளாகிப்போன ஓர் இலையை அரசாணையைப் போல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ஒரு எல பழுத்ததுக்கா இந்தக் கூப்பாடு?"

"ஒரு எல இல்ல. இது பதினேழாவது எல ஆக்கும். ரெஜிஸ்டர்ல உண்டு."

இவ்வுலகில் விவசாயம் செய்தவர்கள் கோடிப் பேர். விவசாயத்தை 'நிர்வாகம்' செய்தவர் ஈஸ்வரமூர்த்தி ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தவர். மேலதிகாரிகளைத் தவிர வேறு எதன் முன்னும் அந்த முதுகு வளைந்ததில்லை. மண்ணுக்கு முன் மட்டும் வளையலாமா? ஆகவேதான் செங்கல் அடுக்கி, மண் நிரப்பி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேட்டுப்பாத்தி கட்டினார். நிமிர்ந்து நின்றே விவசாயம் செய்யலாம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெற்ற மறுமாதமே டீக்கடையில் அவரை 'சார்' என்பதை விட்டு 'அண்ணாச்சி' என்றார்கள். ஆறாம் மாதம் 'கொஞ்சம் தள்ளி இரியும்' என்றார்கள். மனிதர் அன்றிரவு சாப்பிடவில்லை.

மேட்டுப்பாத்தி அந்தச் 'சாரை' மீட்டுத் தந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பொன்னப்பன் திறப்பு விழா நடத்தினார். ரிப்பன் வெட்டப்பட்டது. பாத்திக்குக் கிழக்கே, ரோட்டோரம், பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்படி எட்டடி உயரம் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு பிளக்ஸ் போர்டு எழுந்தது. கை கட்டிய ஈஸ்வரமூர்த்தி. கீழே தமிழிலும் மலையாளத்திலும், 'விஷமற்ற காய்கறியின் விடிவெள்ளி!' பாத்தியைப் பார்த்த பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால் செடிகள் வருந்துமே என்று, பின்பக்கமும் அவரையே அச்சடித்து ஒட்டினார்கள். மறுநாள் டீக்கடையில் நாலு பேர் எழுந்து, "சாரு இரியும்" என்றார்கள்.

அந்த விடிவெள்ளி, களியக்காவிளை சந்தையிலிருந்து வந்த 'விஷத்தை'யே இன்றுவரை சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டு வருகிறார் என்பது வேறு விஷயம்.

இப்போது அந்தச் 'சாருக்கே' ஆபத்து. சனிக்கிழமை 'முன்மாதிரி வீட்டுத் தோட்டம்' விருதுக் குழு வருகிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: குழுவின் கண்முன் ஒரு காயாவது பறித்துக் காட்ட வேண்டும். இன்று புதன்கிழமை. நட்டு மூன்று மாதமாகியும் பாத்தியில் காய் இல்லை, பிஞ்சு இல்லை, பூகூட இல்லை. வெண்டையும் கத்தரியும் பயறும் நூல் நூலாக நீண்டு, வெளிறி, அத்தனையும் வடக்கே பார்த்துச் சாய்ந்து நின்றன.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பொன்னப்பன் தலைமை தாங்கினார். அவர் ஒரு செடியைத் தொட்டார், மண்ணை மோந்தார், கண்ணை மூடினார்.

"மண்ணுல புளிப்பு, சாரே."

"நட்ட மாசமே நீரு சொல்லித்தானே ரெண்டு சட்டி சுண்ணாம்பு போட்டோம்?"

"அப்பம் சுண்ணாம்பு கூடிப்போச்சு."

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். அனைவரும் நிபுணர்கள். மீனும் சர்க்கரையும் ஊறிய கரைசல் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினார். தெருப் பூனைகள் பாத்தியில் குடியேறின. பூனைக்கு மிளகுப்பொடி தூவச் சொன்னார்கள், தூவினார். தூவியவரே மூன்று நாள் தும்மினார். பூனைகள் தும்மவில்லை. கண்ணேறு என்றார் ஒருவர். கறுப்புக் கயிறு கட்டிய வெண்டைச்செடி, கயிற்றின் பாரம் தாங்காமல் படுத்துவிட்டது.

"சாரே, ஒரு காரியம்..." என்று ஓரத்திலிருந்து ஆரம்பித்தார் தங்கப்பன். பாத்திக்கு மண் சுமந்தவர், வாரம் இரண்டு நாள் தோட்ட வேலைக்கு வருபவர்.

ஈஸ்வரமூர்த்தி கை உயர்த்தித் தடுத்தார். "தங்கப்பா, வாயால சொல்லது ஒண்ணும் ஏத்துக்கிட முடியாது. நடைமுறை தெரியும் இல்லியா?"

"ரெண்டு மாசம் முன்ன எழுதித் தந்தேனே, சாரே."

"தந்தியா? அப்பம் பைல்ல இருக்கும். வரிசைப்படி வரும்."

வரிசை வெள்ளிக்கிழமை மாலை வந்தது. சுண்ணாம்பு, மீன், பூனை, கயிறு என்று எழுதி வாங்கிய எட்டு யோசனைகளைத் தாண்டி, ஒன்பதாவதாக ஒரு நோட்டுத்தாள். ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியை மாட்டி உரக்க வாசித்தார்.

"மதிப்புக்குரிய சாருக்கு. காலத்த எட்டு மணிக்கு சாருக்க நெத்தி நெழலு வெண்டை மேல கெடக்கு. ஒம்பதரைக்கு மீசை நெழலு கத்தரி மேல. பதினொண்ணுக்கு விடிவெள்ளி நெழலு பயறு மேல. உச்சிக்குப் பெறவு வீட்டுக்க நெழலு. பாத்திக்கு வெயிலே இல்ல. போர்ட மாத்தணும். இப்படிக்கு தங்கப்பன்."

பகவதியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு தோளில் தெரிந்தது.

"கேட்டீயளா... மூணு மாசமா உங்க மூஞ்சிதான் செடிக்க சீக்கு!"

"சும்மா இரு. இதுக்கு ஆதாரம் எங்க?"

தங்கப்பன் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே, நல்ல வெயில் படும் இடத்தில், ஒரு பழைய பெயின்ட் வாளி. வாளியில் ஒரு கத்தரிச்செடி. செடியில் கொழுத்த ஐந்து காய்.

"நாலாம் நம்பரு கத்தரி, சாரே. தூரக் களையச் சொன்னீய. மனசு வரல்ல. இஞ்ச கொண்டு வச்சேன்."

ஈஸ்வரமூர்த்தி ரெஜிஸ்டரைப் புரட்டினார். "நாலாம் நம்பரு செத்துப்போச்சே! கையெழுத்து போட்டிருக்கேன்."

"செத்தது காச்சிருக்கு, சாரே."

"போர்ட இப்பமே கழட்டுங்கோ" என்றாள் பகவதியம்மாள். "மத்த செடியாவது பொழைக்கட்டு."

ஈஸ்வரமூர்த்தி போர்டைப் பார்த்தார். மாலை வெளிச்சத்தில் நாலடி முகம் தகதகத்தது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் பைக்கில் போன ஒருவன், "சாரே, நாளைக்கு அவார்டு உண்டும் இல்லியா?" என்று கூவிவிட்டுப் போனான். சாரே! ஈஸ்வரமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்தது. செடிகளைப் பார்த்தார். அவை அவரை ஒரு நாளும் 'சார்' என்றதில்லை.

"கமிட்டி போனதுக்குப் பெறவு பாக்கலாம்" என்றார். "தங்கப்பா, அந்த வாளியத் தூக்கு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவி ரத்னபாய், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. ஏமாற்ற முடியாத கண்ணாடி. பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"செடி எல்லாம் ஏன் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது?"

"ஒழுக்கம் ஆக்கும், டீச்சர்" என்றார் பொன்னப்பன். "சாரு அப்படிப் பழக்கி வச்சிருக்காவ."

ரத்னபாய் எழுதிக்கொண்டார். பிறகு பாத்தியின் நடுவே கம்பீரமாக நின்ற கத்தரியிடம் வந்தார். ஒரு காயைப் பறித்தார். கைதட்டல் எழுந்தது. பறித்த வேகத்தில் மண் சரிந்து, உள்ளே புதைத்திருந்த வாளியின் கம்பிக் கைப்பிடி எட்டிப் பார்த்தது.

கைதட்டல் நின்றது. ஈஸ்வரமூர்த்தியின் காதுக்குள், 'கொஞ்சம் தள்ளி இரியும், தள்ளி இரியும்' என்று யாரோ சொன்னார்கள்.

"இது என்னது?" ரத்னபாய் கைப்பிடியைத் தட்டினார். 'டங்' என்றது.

முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் வீண்போகவில்லை. ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்தார்.

"பாத்திக்குள் பாத்தி, டீச்சர். நவீன முறை. கைப்பிடி உண்டு, தேவையான இடத்துக்கு மாத்திக்கிடலாம்."

ரத்னபாயின் ஏமாற்ற முடியாத கண்ணாடி அரை நிமிடம் அவரையே பார்த்தது. பிறகு தாழ்ந்தது. "பாத்திக்குள் பாத்தி" என்று எழுதி, இரண்டு கோடு போட்டார். மற்ற இரண்டு உறுப்பினர்களும் 'ஆகா' என்றார்கள். முதல் பரிசோடு, புதிய கண்டுபிடிப்புக்கான சிறப்புப் பரிசும் அங்கேயே அறிவிக்கப்பட்டது. ஓரத்தில் நின்ற தங்கப்பனின் கையில், ஈஸ்வரமூர்த்திக்குப் போட்ட மாலையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

குழு போனதும் பகவதியம்மாள் ஏணியோடு வந்தாள். "இனியாவது போர்டக் கழட்டலாமா?"

"கழட்டத்தான் வேணும்" என்றார் பொன்னப்பன் உற்சாகமாக. "புது போர்டுக்குச் சொல்லியாச்சு. பத்துக்கு இருபது! அவார்டு வாங்குத படம். ஆனா இந்தப் போஸ்டு தாங்காது, சாரே. நல்ல ஒறப்பான எடம் வேணும். ரோட்டுல இருந்து பாத்தா தெரியணும்."

எல்லோரும் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். ஈஸ்வரமூர்த்தியும் பார்த்தார். அவர் கண் ஓரிடத்தில் நிலைத்தது. விருது பெற்ற கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முழுச் சூப்பிரண்டுக் குரலில் சொன்னார்:

"தங்கப்பா, பாத்திய இடிச்சுப்போட்டு அங்கன குழி எடு."