டோக்கன் அக்கா மலையில் பூப்போட்டுப் பார்த்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டோக்கன் அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சாப்பிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் இரும்பு ஆலையின் முதலாளியே ஒருநாள் கேன்டீனை எட்டிப் பார்க்க வந்து, தன் மாமனாருக்கு மூலவியாதி இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் தயிர்சாதம் வாங்கிப்போனார்.

கேன்டீனில் சாப்பாட்டு டோக்கன் கொடுப்பது அக்காதான். டோக்கனின் ஒரு முனையை நம் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்பார். "இன்னா நைனா, மூஞ்சி வாடிக்கீது? ஊட்ல சண்டையா? யாரு ஆரம்பிச்சது?" வரிசை வாசல்வரை நிற்கும். முணுமுணுத்தால், "சோறு எங்க ஓடிடப்போவுது?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் முழுக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டால் சோறு நன்றாக இறங்கும், அது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு சேதி அவருக்குத் தெரியாமல் ஒரு வருஷம் ஓடியிருக்கிறது. மகள் ரேவதியும், எங்கள் ஆலையில் வேலை பார்த்த இமாசலப் பிரதேசத்துப் பையன் பங்கஜும் காதலித்தார்கள். தினமும் அக்கா கையால் டோக்கன் வாங்கியவன்தான். "அந்த ஒண்ண மட்டும் கேக்காம உட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பையன்மேல் குறையில்லை. கல்யாணம் முடிந்ததும் அவன் ரேவதியோடு மலைக்கே திரும்பி, அம்மா கூடவே இருக்கப்போகிறான் என்பதுதான் பேஜாரு.

"அம்மாந்தூரத்துல எம்பொண்ணு அழுதா எனக்கு எப்பிடிடா கேக்கும்?"

"போன் கீதேக்கா" என்றேன்.

"போன்ல அவ அழமாட்டாடா. சிரிச்சிகினே பேசுவா."

கடைசியில் தீர்ப்பை அம்மன்களிடம் விட்டார். பையனின் ஊரைச் சுற்றி மலைக்கு மலை அம்மன் கோயிலாம். அங்கேயே போய், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, பூப்போட்டுக் கேட்பது. சிவப்பு வந்தால் கல்யாணம், வெள்ளை வந்தால் டாட்டா. பொட்டலம் எடுக்க ஒரு குழந்தை வேண்டும். "உனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. நீதான் கொயந்த" என்று, முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்திருந்த என்னை நியமித்தார். எனக்கு இந்தி தெரியும் என்பது கூடுதல் தகுதி. லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடம் கற்றது. அதில் பாதியைக் கோயிலில் பேச முடியாது.

நானும் அக்காவும் போய்ப் பங்கஜின் அம்மா வீட்டில் தங்கினோம். தினமும் காலையில் அவர் வாசல் செடிகளிலிருந்து செம்பருத்தியும், மல்லி மாதிரி ஒரு வெள்ளைப் பூவும் பறித்துக் கொடுப்பார், சாமிக்கு என்று நினைத்து. மகனின் கல்யாணத்தைத் தன் கையாலேயே பணயம் வைக்கிறார் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அக்கா கண்ணாலேயே எனக்குச் சொல்லியிருந்தார்.

முதல் கோயிலில் அம்மனுக்குச் சிலை இல்லை. பாறை இடுக்கிலிருந்து நெருப்பு தானாக எரிகிறது. அக்கா கும்பிடவே மறந்துபோனார். "கேஸு எங்கேர்ந்து வருது? மழ பேஞ்சா அணையாதா? மொத மொத யாரு பத்த வெச்சது?" அந்தக் குளிரிலும் பூசாரிக்கு வியர்த்துவிட்டது. வெளியே வந்து அக்கா பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

"நெருப்பு சாமிடா. இதுக்குச் செவப்புதான் புடிக்கும். இது கணக்குல வராது."

இரண்டாவது கோயிலிலும் சிவப்பு. இந்தப் பக்கத்து அம்மன்கள் ஏழு பேரும் அக்கா தங்கச்சிகள் என்று டீக்கடைக்காரர் சொன்னதை நான் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். "அதான பாத்தேன்! பேசி வெச்சிகினு சொல்றாளுங்க" என்றவர், யார் மூத்தவள், யார் யாரோடு பேசுவதில்லை என்று டீ ஆறும்வரை விசாரித்தார். வெள்ளை வரும்வரை விடமாட்டார், இமயமலையே தீர்ந்துவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மூன்றாவது கோயில் செங்குத்தான ஏற்றம். அக்காவுக்கு முட்டி வலி. அன்று பங்கஜின் அம்மாவும் கூட வந்தார். ஏறிக்கொண்டே அவர் கேட்க ஆரம்பித்தார். ரேவதி குளிர் தாங்குவாளா? கோபம் வந்தால் கத்துவாளா, பேசாமல் இருப்பாளா? வெளிச்சம் இருந்தால் தூக்கம் வருமா? நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் மொழிபெயர்த்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்கு இணையாகக் கேள்வி கேட்கும் ஒரு ஜீவனை அன்றுதான் பார்த்தேன். ஓரிடத்தில் அந்த அம்மா நின்றார். குனிந்து அக்காவின் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை பேருக்குச் சோறு கொடுத்து அனுப்புகிறீர்களே, உங்களுக்கு யார் போடுகிறார்கள்?" என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். கேட்டுக் கேட்டே வாழ்ந்தவரை யாரும் எதுவும் கேட்டதில்லை போலிருக்கிறது. மீதி ஏற்றம் முழுக்க அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மேலே போய்ப் பொட்டலத்தைக் குலுக்கிப் போட்டார். எடுத்தேன். வெள்ளை.

அப்பாடா, நினைத்தது நடந்துவிட்டது, மூட்டையைக் கட்டலாம் என்று நிமிர்ந்தால், அக்காவின் கண் கலங்கியிருந்தது. பூவையே பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டென்று சந்நிதி பக்கம் திரும்பி ஒரு பிடி பிடித்தார்.

"உனுக்கு இன்னா தெரியும்? மலை மேலயே குந்திகினு கீற. அந்த ஊட்ல ஒருநாளு துன்னுக்கிறியா? படுத்துக்கிறியா? நான் பாத்துட்டேன். எம்பொண்ணு அழுதா இவளுக்குக் கேக்கும்."

சொல்லிவிட்டு, பங்கஜின் அம்மாவின் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கி, அந்த வெள்ளைப் பூவை அவர் தலையில் செருகினார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல், "இது என்ன வழக்கம்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க ஊரில் சம்பந்திக்குச் சம்பந்தி பூ வைப்பாங்க" என்று லாரி இந்தியில் அடித்துவிட்டேன்.

அப்படி ஒரு வழக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் எங்கேயும் கிடையாது. போன தை மாதம் என் கல்யாணத்தில் என் அம்மாவும் மாமியாரும் மட்டும் மாற்றி மாற்றிப் பூ வைத்துக்கொண்டார்கள். நான்தான் வற்புறுத்தினேன். அக்கா ஆரம்பித்து வைத்தது ஒரே தடவையோடு நின்றுபோக எனக்கு மனசு வரவில்லை.