மகளைக் கொண்டுவந்து விடாததற்கான விளக்கம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் காரும் நலம். உங்கள் நலத்தையும் கோபத்தின் அளவையும் அறிய ஆவல். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் உங்கள் மனைவியை ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஒப்படைக்கவில்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் நானல்ல, காவல்துறை.

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், கிளம்பிய வண்டி பாதியில் திரும்புவது எனக்குப் பிடிக்காது, ஆனால் போன தடவை பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இவள் இறங்கி எதிரே வந்த பேருந்தில் ஏறி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டாள் அல்லவா, அதனால் இம்முறை பின்கதவுகளில் குழந்தைகளுக்கான பூட்டைப் போட்டுவிட்டேன், உள்ளேயிருந்து திறக்க முடியாது, அருமையான ஏற்பாடு. வழி நெடுக ஆள் அரவமற்ற பொட்டல். அங்கே இருந்த ஒரே பெட்ரோல் பங்கில் அவள் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள், பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் பார்த்திருக்கிறான், அவனுக்கு என்ன வந்ததோ, போலீசுக்குப் போனைப் போட்டுவிட்டான். கொஞ்ச தூரத்தில் சாலையை மறித்து எங்களை நிலையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

நிலையம் என்றால் ஒரே அறை, ஒரு மேசை, காற்று வராத மின்விசிறி. நான் வண்டியின் காகிதங்களை எல்லாம் வரிசையாகப் பரப்பினேன். ஏட்டு அவற்றைத் தொடவே இல்லை.

"வண்டி உங்களுதுன்னு தெரியுது. பொண்ணு உங்களுதா?"

"பெத்த பொண்ணு சார்."

"பொறந்த தேதி சொல்லுங்க."

பதற்றத்தில் வண்டிக் காப்பீடு முடியும் தேதி வாயில் வந்தது. அந்தக் கணக்குப்படி அவள் இன்னும் பிறக்கவே இல்லை.

"என்ன படிச்சிருக்கா?"

"காலேஜ் சார்."

"எந்தக் காலேஜ்?"

"பஸ் போற வழியில இருக்கு சார்."

போட்டோ கேட்டார். போனில் கார் எல்லாக் கோணத்திலும் இருந்தது. கைவிலங்கோடு பெஞ்சில் இருந்த ஒருவன் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அவன் நகர்ந்து இடம் விட்டு, "எம் பொண்ணு பொறந்த நாள் எனக்குத் தெரியும்" என்றான், மெதுவாக. எனக்கு அவமானம் தாங்கவில்லை.

பெண் அதிகாரி ஒருவர் இவளிடம், "இவரு உங்க அப்பாவா?" என்றார். "ஆமாங்க" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். "உங்க இஷ்டத்தோடதான் புருஷன் வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார். இதென்ன கேள்வி மாப்பிள்ளை, கல்யாணத்தின்போது நீங்கள் கேட்டீர்களா, நான் கேட்டேனா, எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லையா. இவள் அழக்கூட இல்லை.

"இல்லைங்க. நான் போகல."

"அப்ப வந்த வழியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, ஏட்டு தன் கையாலேயே கதவின் பூட்டை எடுத்துவிட்டார். பெண் அதிகாரி இவள் கையில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் மனம் கோணக் கூடாது. வீட்டில் எடுத்துச் சொல்லி, அடுத்த வாரம் காவல் நிலையமே இல்லாத வழியாகக் கொண்டுவந்து விடுகிறேன். அத்தையும் நானும் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் கிடைக்க மனமார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பி.கு.: இதை முடித்துவிட்டு முகம் கழுவப் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். மாடிப்படியில் விழுந்தாள் என்று போனில் சொன்னீர்கள். மாடிப்படிக்கு விரல்கள் கிடையாது, மாப்பிள்ளை. மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், வாழ்த்து உட்பட. இவளிடம் இருந்த நம்பரில் அந்தப் பெண் அதிகாரியைக் கூப்பிட்டேன், உங்கள் விலாசம் கேட்டார், கதவு எண்ணோடு கொடுத்துவிட்டேன். வருவார்கள். வீட்டிலேயே இருக்கவும்.